அழகம்மா சுமக்கக் கூடாது

செம்புமலைத் தேயிலைத் தோட்டத்து அழகம்மாவுக்குக் கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம் கழித்து, கண்டி நகரத்தில் ஒரு கிளாக்கர் அவளைத் திரும்பவும் கன்னியாக்கி வைத்தார். அது அவருடைய குற்றம் அல்ல. விதி அப்படி. தலைவிதியைச் சொல்லவில்லை, லேடி ஹார்ப்பிங்டன் மாதர் வைத்தியசாலையின் விதிப் புத்தகத்தைச் சொல்கிறேன்.

அழகம்மாவுக்கு எட்டு மாதமாக உதிரப் போக்கு நிற்கவில்லை. தோட்டத்து மருந்துக்காரர் கிளறன்ஸ் ஐயா, காய்ச்சல், வயிற்றோட்டம், கால் சுளுக்கு மூன்றுக்கும் ஒரே போத்தலிலிருந்து ஊற்றிக் கொடுக்கும் சிவப்புத் தண்ணீரை அவளுக்கும் கொடுத்துப் பார்த்தார். போவதும் சிவப்பு, கொடுப்பதும் சிவப்பு; ஆகவே குறைவது ஈடாகிவிடும் என்பது அவருடைய வைத்திய சாஸ்திரம். ஆறாவது போத்தல் முடிந்த அன்று அழகம்மா கொழுந்துக் கூடையோடு மலைச் சரிவில் மயங்கி விழுந்தாள். கூடையைத் தூக்கி நிறுத்தியவர்கள் பிறகு அவளையும் தூக்கினார்கள்.

மாதம் ஒருமுறை வரும் ஜில்லா டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார்.

"கர்ப்பப்பையில் கட்டி. பையோடு எடுத்துவிட வேண்டும். கண்டிக்குக் கொண்டு போ. இந்த மாதத்துக்குள் எடுக்காவிட்டால் பிறகு எடுக்க ஆள் இருக்காது. எடுத்த பிறகும் மூன்று மாதம் கூடை தூக்கக் கூடாது. தூக்கினால் உள்தையல் விட்டுவிடும்."

அழகம்மாவின் புருஷன் கறுப்பையா இரண்டு விஷயத்தையும் விரல் மடித்து மனப்பாடம் செய்துகொண்டான். இந்த மாதத்துக்குள் எடுக்கணும். மூணு மாசம் தூக்கக் கூடாது. தோட்டம் இருந்த ஹேவாஹெட்டயிலிருந்து கண்டிவரை பஸ் குலுங்கிய குலுக்கலில் அழகம்மா மூன்றுமுறை கண்ணை மூடினாள். கறுப்பையா அந்த இரண்டையும் மந்திரம் மாதிரி சொல்லிக்கொண்டே வந்தான்.

வைத்தியசாலை வாவியைப் பார்த்த மேட்டில் இருந்தது. நோயாளிகள் ஏறி வருவதற்கு எண்பத்தாறு படிகள். வைத்தியசாலையை நடத்தும் கமிட்டிச் சீமாட்டிகளின் மோட்டார் வண்டிகள் ஏறி வருவதற்குத் தனியே ஒரு நல்ல பாதை.

வாசல் மேசையில் தலைமைக் கிளாக்கர் கிறகரி இருந்தார். கழுத்துவரை பொத்தான் பூட்டிய வெள்ளைக் கோட்டு. காதில் பென்சில். எதிரே ஒரு கதிரை உண்டு. அதில் ஒருவரும் உட்காராமலிருக்க அதன்மேல் விதிப் புத்தகத்தை வைத்திருந்தார்.

"ஆர் நோயாளி?"

"இவதாங்க."

"நீர் ஆர்?"

"புருஷனுங்க."

"அதை நீர் சொல்லப்படாது. கடுதாசி சொல்ல வேணும். விவாகப் பதிவுத் தாள் எங்கை?"

கறுப்பையா கையைக் கட்டிக்கொண்டான். "மாரியம்மன் கோயில்ல வச்சுத் தாலி கட்டினேனுங்க. பெரிய கங்காணிகூட வந்து சாப்பிட்டாரு."

"மாரியம்மன் கையொப்பம் வைச்சவவோ?"

"அஞ்சு புள்ளைங்க இருக்குதுங்க. மூத்தவளுக்கே கல்யாணம் ஆயிருச்சு."

"பிள்ளை அத்தாட்சி ஆகாது. பிள்ளை ஆருக்கும் பிறக்கும்." கிறகரி புத்தகத்தைக் கதிரையிலிருந்து எடுத்து மடியில் வைத்து, ஞானோபதேசம் சொல்லும் குரலில் விளக்கினார். "பதினேழாம் விதி. விவாகமான பெண்ணின்ரை கர்ப்பப்பையைப் புருஷன்ரை சம்மதத்தோடைதான் எடுக்கலாம். பை இருக்கிறது அவவின்ரை உடம்பிலை, உரித்து அவருக்கு. நாளைக்கு ஒரு மனிசன் வந்து, என்ரை சாமான் எங்கை எண்டு கேட்டால் கமிட்டி என்ன மறுமொழி சொல்லுறது? பெண் செத்தால் அது நோயாலை. சம்மதம் இல்லாமல் பிழைச்சால் அது எங்கட பிழை."

சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற அழகம்மா முதன்முறையாக வாயைத் திறந்தாள். "ஐயா, புருஷன் இல்லாதவங்களுக்கு எப்படிங்க?"

கிறகரி ஒரு தாளைப் புரட்டினார். "பதினெட்டாம் விதி. விவாகமாகாதவள் தன்ரை கைநாட்டைத் தானே வைக்கலாம்."

"அப்ப எனக்கு விவாகமாகல."

"அடியேய்!" என்றான் கறுப்பையா.

"சும்மா இருங்க. மொதல்ல ரத்தம் நிக்கட்டும். பொறகு வேணும்னா இன்னொருக்காக் கட்டிக்கலாம்."

கிறகரி மகிழ்ச்சியோடு எழுதினார். மிஸ் அழகம்மா. வயது நாற்பது. விவாகமில்லை. பிள்ளைகள் ஐந்து. எழுதி முடித்தபின் அவருக்குள்ளே ஒரு ஒழுக்கம் விழித்துக்கொண்டது.

"விவாகமில்லை, பிள்ளை ஐஞ்சு. அப்ப நீர் பொது வார்ட்டிலை கிடக்கேலாது. மனந்திரும்புவோர் வார்ட்டு எண்டு தனியா ஒண்டு இருக்கு. அதோடை, கழுத்திலை கிடக்கிறது என்ன? தாலியோ? மிஸ் எண்டால் தாலி இருக்கேலாது."

அழகம்மா மஞ்சள் கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டாள். "உசிரு போனாலும் கழட்ட மாட்டேன்."

வார்ட்டுக்கு அழைத்துப்போக வந்த தாதி பெற்றீசியா மிஸ்ஸி நல்ல பெண். தாலியைத் திரட்டி, பஞ்சு வைத்து, மேலே அகலமாகப் பிளாஸ்டர் ஒட்டினாள். நோயாளியின் தாளில், 'கழுத்தில் புண்' என்று எழுதினாள். கிறகரி திருப்தியடைந்தார். புண்ணுக்கு எதிராக விதி ஒன்றும் இல்லை.

"நான் பாக்க வரலாமுங்களா?" என்று கறுப்பையா கேட்டான்.

"வியாழக்கிழமையிலை புருஷன், தகப்பன், சகோதரன் மட்டும் வரலாம். நீர் புருஷன் இல்லை. தகப்பன் வயசும் இல்லை."

கறுப்பையாவின் முகம் கறுத்தது. அழகம்மா போகிற போக்கில் திரும்பி, "வியாழக்கிழமை வாங்கண்ணே," என்றாள்.

மனந்திரும்புவோர் வார்ட்டில் பதினோரு கட்டில்கள். பக்கத்துக் கட்டிலில் கண்டிக் கட்டுகலையைச் சேர்ந்த, சித்தி றலியா என்று பெயருள்ள ஒரு அம்மா. ஆறு பிள்ளைகளின் தாய். நிக்காஹ் எழுதிய தாளை வீட்டு அலுமாரியில் மறந்து வைத்துவிட்டு வந்தவர்.

"நீங்க என்ன பாவம் செஞ்சீங்க புள்ள?" என்று அவர் கேட்டார்.

"தாள் இல்லீங்க."

"இங்க ஈக்கிற எல்லாரும் அந்தப் பாவம்தான். அந்த மூலைக் கட்டில்ல ஈக்கிறவங்கட வீட்ட வெள்ளம் வந்து தாள் போயிட்டு. வெள்ளம் செஞ்ச பாவத்துக்கு அவங்க இங்க ஈக்கிறாங்க."

ஒரு வாரம் இரத்தம் ஊற இரும்பு மருந்து கொடுத்தார்கள். நாக்கு கறுத்தது, உடம்பில் கொஞ்சம் தெம்பு வந்தது. வெள்ளிக்கிழமை ஆபரேஷன் என்று சொல்லி, வியாழக்கிழமை காலையிலேயே ஆயத்தம் தொடங்கினார்கள். ஆமணக்கெண்ணெய் ஒரு கோப்பை. அது தன் வேலையை முடிப்பதற்கு முன் சவர்க்காரத் தண்ணீர் எனிமா. அது முடிவதற்கு முன் சவரக்கத்தி. பிறகு தலைமயிரை இரண்டு பின்னலாகப் பின்னிவிட்டார்கள். மழிக்க வேண்டிய இடத்தை மழித்து, பின்ன வேண்டிய இடத்தைப் பின்னி, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கட்டிலில் உட்கார்ந்திருந்த அழகம்மாவுக்கு வயிறு மட்டும் இன்னும் கடமுடவென்று பேசிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்துக் கமிட்டித் தலைவி அம்மையார் வந்தார். தொப்பியில் ஒரு பறவையின் பாதி இருந்தது. அவர் இங்கிலீஷில் பேச, கிறகரி பக்கத்தில் நின்று தமிழாக்கினார்.

"பெண்களே! இந்த வைத்தியசாலையை நாங்கள் கட்டியபோது நோயாளிகள் வருவார்கள் என்று எதிர்பார்க்கவில்லை. வந்தீர்கள். அப்போதும் நாங்கள் மனம் தளரவில்லை. போன வருஷம் கமிட்டி கூடிய கூட்டம் நாற்பத்தெட்டு. செய்த ஆபரேஷன் முப்பத்தொன்று. இந்தக் குறைபாடு எங்களுக்குத் தெரியும். ஆகவே இந்த வருஷம் கூட்டத்தை அறுபதாக உயர்த்துவோம்."

தாதிகளுக்குத் தலைவியான மேற்றன் கைதட்டினார். நோயாளிகளும் தட்டினார்கள்.

"இந்த வார்ட்டு என் இருதயத்துக்கு நெருக்கமானது. அதனாலேயே வருஷத்தில் இரண்டுமுறை வருகிறேன். உங்கள் சரீரத்தைக் கத்தி சுத்தமாக்கும். ஆத்துமாவை யார் சுத்தமாக்குவது? மனந்திரும்பாத பெண்ணுக்குக் குளோரோபோம் வீண் செலவு. யார் நாளைக்கு?"

கிறகரி அழகம்மாவைக் காட்டினார்.

"மனந்திரும்பினேன் எண்டு சொல்லும். என்ன பாவத்துக்கு எண்டும் சொல்ல வேணும். இல்லாட்டி ஆபரேஷன் வாற மாதம்."

வருகிற மாதமென்றால் ஆள் இருக்காது. என்ன பாவம் என்று அழகம்மா யோசித்தாள். ஒருமுறை கொழுந்தோடு பழுத்த இலையையும் சேர்த்து எடை போட்டது நினைவுக்கு வந்தது. அதைச் சொன்னால் தோட்டத்துக்குத் தெரிந்துவிடும். அம்மையார் கடிகாரத்தைப் பார்த்தார். வயிறு கடமுடவென்றது.

"சொல்றேங்க," என்றாள். "இருவத்திரண்டு வருஷமா ஒரே ஆம்பளையோட இருந்துட்டேனுங்க. இனிமே அப்படி இருக்க மாட்டேன்."

சித்தி றலியா போர்வையைத் தலைவரை இழுத்து மூடிக்கொண்டார். போர்வை குலுங்கியது. கிறகரி தமிழை இங்கிலீஷாக்கினார். அம்மையார் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இதைக் கமிட்டியின் வருஷாந்த அறிக்கையில் அச்சடிக்க வேண்டும் என்றார்.

மறுநாள் காலை வெள்ளைக்கார டாக்டர் கர்ப்பப்பையை எடுத்தார். அவர் அதிகம் பேசாதவர். கட்டி ஒரு தேங்காய் அளவு இருந்தது. இந்தக் கதையில் ஒரு வேலை, செய்ய வேண்டியவரால் செய்ய வேண்டிய நாளில் ஒழுங்காகச் செய்யப்பட்டது இந்த ஓரிடத்தில்தான். ஆகவே அதில் நமக்கு வேலை இல்லை.

பிழைத்த பிறகுதான் வைத்தியசாலை அவளைப் பிடித்துக்கொண்டது.

வயிற்றைத் திறந்து தைத்தவருக்குக் காற்றுப் பிரிந்தால்தான் குடல் வேலை செய்கிறது என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் சோறு. மேற்றன் தினமும் அதைக் கேட்பார். கிறகரி மொழிபெயர்ப்பார். ஆனால் அவர் நாகரிகமானவர். அந்த விஷயத்துக்கு அவர் வாயில் ஒரு நேரான சொல் வராது.

"காற்று எப்பிடி?" என்று கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

அழகம்மா ஜன்னலைப் பார்த்தாள். "நல்லா அடிக்குதுங்க. வாவிப் பக்கமிருந்து ஜிலுஜிலுன்னு வருது."

"நிறைய?"

"ராத்திரியெல்லாம் ஓயலீங்க. இந்தம்மாவுக்குக்கூடக் குளிருச்சு."

மேற்றன் வியந்து போய், உடனே சோறும் பருப்பும் கொடுக்கச் சொன்னார். மத்தியானத்துக்குள் அழகம்மாவின் வயிறு மத்தளமாகி, அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு துடித்தாள். பெற்றீசியா மிஸ்ஸி ஓடி வந்து, காதருகில் குனிந்து, கிறகரி இரண்டு நாளாகத் தேடிய சொல்லை ஒரே மூச்சில் சொன்னாள்.

"அட, அதுவா!" என்றாள் அழகம்மா வேதனையிலும். "அதை நேராக் கேக்கக் கூடாதா? இல்லீங்க மிஸ்ஸி, ஒண்ணும் வரல." மிஸ்ஸி குழாய் வைத்து அந்தக் கண்டத்தைக் கடத்தினாள்.

அடுத்த வியாழக்கிழமை கறுப்பையா வந்தான். வாசலில் கைநாட்டு வைத்து அண்ணனாகி உள்ளே வந்து, கட்டிலுக்கு ஒரு முழம் தள்ளி நின்றான். கிறகரி கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படி இருக்கே," என்றான். கிறகரியை ஒரு தரம் பார்த்தான். "தங்கச்சி?"

"இருக்கேண்ணே. வீட்டுல அண்ணி சௌக்கியமா?"

"அவளா? அவ ஒரு வாயாடி. அவ இல்லாம லயத்து வீடே வெறிச்சுன்னு கிடக்கு." சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

"சிரிக்க வைக்காதீங்க, தையல் இழுக்குது," என்றாள் அழகம்மா. ஆனால் அவள் கண் சிரிக்கவில்லை. கை மட்டும் போர்வைக்கு வெளியே வந்து, கிறகரி பார்க்காத பக்கம் அவன் விரலைப் பிடித்துக்கொண்டது.

மூன்றாவது வாரம் வயிற்றுத் தையல் ஆறிவிட்டது. வீட்டுக்குப் போகலாம் என்றார் வெள்ளைக்கார டாக்டர். போகக் கூடாது என்றது தாள். கழுத்துப் புண் இன்னும் ஆறவில்லை.

அதற்குத் தினமும் வைத்தியம் நடந்துகொண்டுதான் இருந்தது. காலையில் ஒருவர் பிளாஸ்டருக்கு மேலே மருந்து தடவுவார். மாலையில் ஒருவர் அது காய்ந்துவிட்டதா என்று எழுதுவார். பிளாஸ்டரைத் திறந்து பார்க்க யாருக்கும் அதிகாரம் இல்லை. இருபது நாளாகியும் ஆறாத புண் என்பதால், விசேஷ நிபுணரைக் கொழும்பிலிருந்து அழைக்கலாமா என்று கமிட்டி ஒரு கூட்டம் கூடியது. அறுபதில் ஒன்று கழிந்தது. கடைசியில் பெற்றீசியா மிஸ்ஸி ஒரு மத்தியானம் கதவைச் சாத்திவிட்டுப் பிளாஸ்டரை உரித்தாள். தாலியைச் சேலைக்குள் விட்டாள். தாளில் 'திடீரென ஆறிற்று' என்று எழுதினாள். இன்றைக்கும் அது அந்த வைத்தியசாலையின் பெரிய வெற்றிகளில் ஒன்று.

வெள்ளைக்கார டாக்டர் தோட்டத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அவருக்கு நேரமில்லாததால், ஆபரேஷன் நன்றாக நடந்தது என்றும், மூன்று மாதத்துக்கு இவள் சுமக்கக் கூடாது என்றும் இங்கிலீஷில் இரண்டே வரி.

மாசி மாதத்துக் காலையில் அழகம்மா அந்தக் கடிதத்தோடு தோட்டத்து மருந்துச் சாலையில் போய் நின்றாள். கறுப்பையா பின்னால் நின்றான். வரிசையில் அவளுக்கு முன்னே வேலாயி. ஐந்து மாதக் கர்ப்பிணி. கிளறன்ஸ் ஐயா வேலாயியின் பெயரை ஒரு பச்சைப் புத்தகத்தில் எழுதி, கூடை வேண்டாம், நாற்றுமேட்டில் குந்தியிருந்து களை பிடுங்கு என்று அனுப்பினார். பிறகு அழகம்மாவின் கடிதத்தை வாங்கி, தூரத்தில் பிடித்துப் படித்தார்.

"மூன்று மாதம் சுமக்கக் கூடாது. சரி. அது உன் வீட்டுக்காரனுக்குச் சொல்ல வேண்டியது. டேய் கறுப்பையா, மூணு மாசத்துக்கு நீ தள்ளிப் படுத்துக்க. அழகம்மா, நீ கூடையை எடுத்துக்கிட்டு மலைக்குப் போ."

அழகம்மா ஒரு எட்டு முன்னே வந்தாள். "ஐயா, கூடையைத்தான் சுமக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரு. தூக்கினா உள்தையல் விட்டுருமாம்."

"கூடைன்னு எங்க எழுதியிருக்கு? இது பொம்பளை ஆஸ்பத்திரிக் கடிதம். பொம்பளை ஆஸ்பத்திரியில சுமக்கிறதுன்னா என்ன? எனக்கு இங்கிலீஷ் படிச்சுக் குடுக்க வந்துட்டியா?"

"எனக்குக் கர்ப்பப்பையே இல்லீங்க! எடுத்துட்டாங்க!"

"எடுத்ததாகவும் இதில இல்லை. ஆபரேஷன் நன்றாக நடந்தது. அவ்வளவுதான். நன்றாக நடந்தா எல்லாம் நன்றாத்தான் இருக்கும்."

"பிள்ளையே பெறமுடியாதவகிட்ட மூணு மாசம் பெறாதேன்னு எந்த டாக்டராவது எழுதுவாராங்க?" என்று கறுப்பையா கேட்டான்.

"வெள்ளைக்காரங்க முன்யோசனை உள்ளவங்க," என்றார் கிளறன்ஸ் ஐயா. "கூடை!"

கூடை வந்தது. அழகம்மா அதைப் பார்த்தாள். கொழுந்து நிறைந்தால் நெற்றியில் மாட்டிய கயிறு கழுத்தை அழுத்தி, முதுகு வளைந்து, வயிற்றில் எல்லாம் இறங்கும். தேங்காய் அளவு எடுத்த இடம். பச்சைப் புத்தகம் மேசைமேல் திறந்தபடியே கிடந்தது. வேலாயியின் பெயரில் மை இன்னும் காயவில்லை.

"ஐயா," என்றாள் மெதுவாக. "ஒரு தப்பு நடந்து போச்சுங்க. கடிதம் கையில கெடைக்க முந்தியே நான் சுமந்துட்டேனுங்க."

கறுப்பையாவுக்கு வாய் திறந்தது. அவள் பின்பக்கமாக அவன் காலை மிதித்தாள்.

"எத்தனை மாசம்?" என்றார் கிளறன்ஸ் ஐயா கோபமாக.

"நாலுன்னு வச்சுக்கங்க."

"டேய், நீதான் காரணமா?"

"நான்... நான் அண்ணனுங்க," என்று உளறினான் கறுப்பையா. அழகம்மா மறுபடி மிதித்தாள். "ஆமாங்க. நான்தாங்க."

கிளறன்ஸ் ஐயா நெற்றியைத் தடவினார். சுமக்கக் கூடாது என்று டாக்டரின் உத்தரவு, சுமந்துவிட்டாள். சுமப்பவளுக்குக் கூடை கொடுக்கக் கூடாது என்று தோட்டத் துரையின் உத்தரவு. இரண்டு வெள்ளைக்காரர்களுக்கு நடுவே அகப்பட்டுக்கொண்டவர், கிட்டத்தில் இருப்பவருக்குக் கீழ்ப்படிந்தார். பச்சைப் புத்தகத்தில் எழுதினார்: பத்தொன்பது. அழகம்மா. ஆடியில் பிரசவம்.

அடுத்த நாள் காலை ஆட்களை வரிசையில் நிறுத்தும் பெரட்டில் பெரிய துரையே வந்து பேசினார். ஜில்லாத் தோட்டங்களுக்குள் அதிகப் பிள்ளை பெறும் தோட்டத்துக்கு ஒரு கேடயம் கொடுக்கிறார்களாம். அதைப் பக்கத்துத் தோட்டம் பதினெட்டுப் பிள்ளைகளோடு எட்டிப் பிடிக்கப் பார்க்கிறதாம்.

"ஆபரேஷன் முடிந்து வந்த ஒரு பெண், வந்த கையோடு தோட்டத்தின் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறாள்," என்றார் துரை. "பிள்ளைகள் இருந்தால்தான் தோட்டம். வயிற்றில் இருக்கும்வரை கூடை கிடையாது. பிறந்த பிறகு எத்தனை கூடை வேண்டுமானாலும் தருவேன். நான் இரக்கமில்லாதவன் அல்ல."

மாசி போயிற்று. பங்குனியும் சித்திரையும் போயின. அழகம்மா நாற்றுமேட்டு நிழலில் வேலாயியோடு குந்தியிருந்து களை பிடுங்கினாள். முகத்தில் இரத்தம் ஊறியது. படியேறினால் மூச்சு வாங்குவது நின்றது. வேலாயியின் வயிறு வளர்ந்தது. அழகம்மாவின் வயிறு வளரவில்லை. யாரும் பார்க்கவும் இல்லை. பார்க்க வேண்டியது புத்தகத்தில் இருந்தது.

வைகாசி பிறந்ததும் ஒரு காலையில் அவள் மருந்துச் சாலைக்குப் போனாள்.

"ஐயா, எனக்கு உடம்பு நல்லாயிருச்சு. பேரை வெட்டிட்டுக் கூடையைக் குடுங்க. மலைக்குப் போறேன்."

கிளறன்ஸ் ஐயா பதறிப்போனார். "பேரை வெட்டுறதா? பத்தொன்பதை வெட்டினா பதினெட்டு. துரை என்னையே வெட்டுவாரு! புத்தகத்தில எழுதினா எழுதினதுதான். ஆடியில நீ பெத்தாகணும்."

"பெறத் தயாராத்தான் இருக்கேனுங்க," என்றாள் அழகம்மா. "கர்ப்பப்பைதான் கண்டியில நின்னு போச்சு. எழுதிக் கேட்டு எடுத்துத் தாங்க."

கிளறன்ஸ் ஐயா மேசை லாச்சியைத் திறந்து, ஆஸ்பத்திரிகளுக்கு எழுதும் நீளத் தாளில் ஒன்றை உருவி எடுத்து, பேனாவை மையில் தோய்த்தார்.